சவர்க்காரக் கப்பல்

யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாதை பூட்டப்பட்ட பிறகு எங்கள் வீட்டு முன்னறையில் ஓர் அக்கா தங்கியிருந்தார். அம்மாவுக்குத் தூரத்து உறவு. தங்கையின் கலியாணத்துக்கென்று கொஞ்ச நாள் லீவு போட்டுக்கொண்டு திருகோணமலைக்கு வந்தவர். வெளிக்கிடும் நேரத்தில் நான்கு வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டதால் பிள்ளையைக் கணவரோடு விட்டுவிட்டுத் தனியே பஸ் ஏறியிருந்தார். கலியாணம் நல்லபடி நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் வெளிநாடு போனார்கள். அக்கா திரும்பிப் போவதற்குள் சண்டை மூண்டு பாதை அடைபட்டது. கலியாணத்துக்குக் கொண்டுவந்த இரண்டு நல்ல சேலையோடும் ஒரு கைப்பையோடும் அவர் அன்புவழிபுரத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

நான் அப்போது துறைமுக வீதிக்குப் போகிற வழியில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்தேன். வருகிறவர்களுக்கு இலக்கத்தை அழுத்திக் கொடுப்பது, லைன் கிடைத்ததும் கண்ணாடிக் கூண்டுக்குள் அனுப்புவது, முடிந்ததும் பற்றுச்சீட்டைக் கிழித்துக் கொடுப்பது. கூண்டின் கதவு சரியாகச் சாத்தாது. உள்ளே யார் என்ன பேசினாலும் எனக்குக் கேட்கும். கேட்காத மாதிரி இருப்பதுதான் அந்த வேலையில் பழகவேண்டிய பெரிய விஷயம்.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். யாழ்ப்பாணத்து லைன் கிடைக்கும்வரை வாசலில் கதிரையில் இருப்பார். ஆரம்பத்தில் மகள் போனில் அழுதாள். பிறகு அழுகை நின்று, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, மாமி தலை பின்னிவிட்டது என்று கதை சொல்லத் தொடங்கினாள். மாமி என்பது அக்காவின் கணவருடைய தங்கை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்கே வந்து தங்கியிருந்தார். கொஞ்ச நாளில் பிள்ளையின் பேச்சில் மாமி அதிகமாக வந்தார். "மாமி கூப்பிடுறா, வைக்கட்டே?" என்று ஒருநாள் கேட்டாளாம். அக்கா கூண்டிலிருந்து வெளியே வந்து, "நல்லா வளந்திட்டாள் போல" என்று மட்டும் சொன்னார்.

கப்பல் இல்லாமல் இல்லை. எப்போதாவது ஒரு கப்பல் துறைமுகத்திலிருந்து யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறைக்குப் போகும். அதற்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பெயர் பதியவேண்டும். பதிந்தவர்கள் பெருந்தொகை. முதலில் நோயாளிகள், பிறகு பரீட்சை எழுதும் மாணவர்கள், பிறகு அரசாங்க வேலைக்காரர் என்று ஏற்றுவார்கள். கலியாணத்துக்கு வந்து மாட்டுப்பட்டவர்களுக்கு என்று ஒரு வரிசை இருக்கவில்லை. அக்கா கிழமைக்கு ஒரு தடவை கச்சேரிக்குப் போய், "இன்னும் வரேல்லை, வந்தா அறிவிப்பம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வருவார்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த விளம்பரம் வானொலியில் வந்தது. மார்ச் மாதத்தின் கடைசி நாட்கள். கொழும்பிலுள்ள ஒரு சவர்க்காரக் கொம்பனி, சோப்புக்கட்டி செய்கிறவர்கள். இனிமையான குரலில் ஒரு பெண் சொன்னாள்: பாதை இல்லையென்று கவலையா? கடல் இருக்கிறதே! எங்கள் வெள்ளைக் கப்பல் இலங்கையைச் சுற்றி வருகிறது. காலி, கொழும்பு, காங்கேசன்துறை, திருகோணமலை. ஏப்ரல் முதலாம் திகதி காலையில் ஒவ்வொரு துறைமுகத்திலும் உங்களுக்காகக் காத்திருக்கும். இரண்டு சவர்க்கார உறைகளோடு வாருங்கள், பயணம் இலவசம். கடைசியில் ஒரு ஆண் குரல் ஏதோ ஒரு வரியை அவ்வளவு வேகமாக ஓடிச் சொல்லி முடித்தது. லொத்தர்ச் சீட்டு விளம்பரங்களில் நிபந்தனைகளைச் சொல்வார்களே, அந்த வேகம். யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கப்பல் முழுக்கச் சவர்க்காரத்தால் செய்தது, நனைந்து கரைந்தால் கொம்பனி பொறுப்பல்ல என்பதுதான் அந்த வரி. பிறகுதான் தெரிந்தது. சிங்களத்தில் அந்த விளம்பரம் கொழும்பின் வாகன நெரிசலைப் பற்றிய பகிடியாம். தமிழாக்கியவர் வாகன நெரிசலைப் பாதை இல்லை என்று ஆக்கிவிட்டார்.

ஏப்ரல் முதலாம் திகதி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சட்டையில் மை தெளித்துவிட்டு "ஏப்ரல் ஃபூல்" என்று கத்திக்கொண்டு ஓடியவர்கள்தான் நாங்களும். ஆனால் அது பிள்ளைகளின் விளையாட்டு. பெரிய கொம்பனி ஒன்று காசைக் கொட்டி வானொலியில் பொய் சொல்லும் என்று யாருக்குத் தோன்றும்? பொய்யை நாங்கள் வேறு இடங்களிலிருந்து எதிர்பார்த்துப் பழகியிருந்தோம். சவர்க்காரக்காரரிடமிருந்து எதிர்பார்க்கவில்லை.

என் அப்பா துறைமுகக் களஞ்சியத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அன்று சாப்பிடும்போது அவர் சொன்னார்: "கடற்படையின்ர அனுமதி இல்லாம ஒரு தோணி கூட உள்ளுக்க வர ஏலாது. இது எப்பிடி வரும்?"

"அனுமதி எடுத்திருப்பினம் ஐயா," என்றார் அக்கா. "பெரிய கொம்பனி. அவைக்கு மேலிடத்தில ஆக்கள் இருக்கும். எங்களைப்போல கச்சேரி வாசலில நிக்க வேண்டியதில்லையே."

அப்பா யோசித்தார். "அதுவும் சரிதான். காசுக்காரன் கேட்டா குடுப்பாங்கள்," என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தோடு எங்கள் வீட்டில் கப்பல் உறுதியாகிவிட்டது.

எங்கள் கடைக்குப் பக்கத்தில், எல்லோரும் நானா என்று கூப்பிடும் கிண்ணியா முஸ்லிம் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அடுத்த நாள் அவரிடம் அந்தச் சவர்க்காரம் முடிந்துவிட்டது. நகரத்தில் வேறெங்கும் இல்லை. அக்காவும் நானும் போனபோது நானா கடைசி இரண்டு கட்டியைத் தன் வீட்டுத் தேவைக்கென்று மேசைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார்.

"பிள்ளைட்டப் போகணும் நானா," என்று அக்கா சொன்னதும் எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "கச்சேரி ஒண்டும் சொல்லாமக் கப்பல் ஓடுமா புள்ள? எனக்கு விளங்குதில்ல," என்றார். "ஆனா அல்லாஹ் நாடினா எப்பிடியும் வழி வரும். போய்ப் பாருங்க."

ஞாயிறு இல்லாவிட்டாலும் அக்கா அன்று எங்கள் கடைக்கு வந்து லைன் எடுத்தார். கணவரிடம் விஷயத்தைச் சொன்னார். பிறகு மகளைக் கேட்டார். "அம்மா ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கப்பலில வாறன். ஓம் குஞ்சு, பெரிய கப்பல். உனக்குப் புதுச்சட்டை எல்லாம் வச்சிருக்கிறன்." கூண்டுக்கு வெளியே தங்கள் முறைக்காகக் காத்திருந்த பெண்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "எந்தக் கப்பல்? எங்க பதியிறது?" என்று என்னைக் கேட்டாள்.

சட்டைகள் உண்மையிலேயே இருந்தன. எங்கள் அம்மாவின் தையல் மெஷினில் மாதத்துக்கு ஒன்றாக அக்கா தைத்தவை. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் நீளம். பிள்ளை இப்போது எவ்வளவு உயரம் என்று கணவரைப் போனில் கேட்டுக் கேட்டு வெட்டியிருந்தார். கணவருக்கென்று சல்லி என்ற மீனவக் கிராமத்திலிருந்து வந்த கருவாட்டையும் ஒரு பொதியாகக் கட்டி சட்டைகள் அடுக்கிய நீலப் பைக்குள் வைத்தார்.

ஏப்ரல் முதலாம் திகதி காலையில் நானும் அவரோடு போனேன். வழியனுப்பிவிட்டு அப்படியே கடையைத் திறக்கலாம் என்று நினைத்தேன். துறைமுக வீதியின் முதல் சோதனைச்சாவடிக்கு முன்னால் ஏற்கெனவே பெரிய கூட்டம். பெட்டிகள், உரப்பைகள், பாய்ச்சுருள்கள். கிளிவெட்டிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தவர்கள் சிலர் கொழும்புக்குப் போகலாம் என்று வந்திருந்தார்கள். எல்லோர் கையிலும் அந்தச் சவர்க்காரத்தின் பச்சை உறை. ஓர் ஐயா உறைகளை நனையாமல் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தார். மீன்பெட்டி கட்டிய சைக்கிள்களோடு வந்த சல்லி ஆட்கள் காலை ஊன்றி நின்று என்னவென்று விசாரித்துவிட்டு, தாங்களும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள்.

சாவடியில் நின்ற கடற்படைக்காரருக்குப் பயம் வந்தது தெரிந்தது. அவ்வளவு சனமும் சாமானும் அந்த வாசலில் சேர்ந்ததை அவர்கள் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். யாரோ பத்திரிகையை நீட்டினார்கள். பத்திரிகையிலும் அரைப்பக்கத்துக்கு அந்தக் கப்பலின் படம் வந்திருந்தது. அவர் அடியிலிருந்த சின்ன எழுத்தை வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார். தன் ஆட்களுக்குச் சிங்களத்தில் சொல்ல அவர்களும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். அதிகாரி சிரிப்பதால் நல்ல செய்தி என்று நினைத்தோம்.

"கப்பல் இல்ல," என்று அவர் தமிழில் சொன்னார். "பொய். ஏப்ரல் ஃபூல். எல்லாம் வீட்ட போ."

ஒருவரும் அசையவில்லை. "இல்லை" என்ற சொல்லை நாங்கள் எத்தனையோ வாசல்களில் கேட்டிருக்கிறோம். அது எப்போதும் "கொஞ்சம் பொறு" என்ற அர்த்தத்தில்தான் முடிந்திருக்கிறது. பொலித்தீன்காரர் மிகப் பணிவாக, "பரவாயில்லை சேர், நாங்கள் பின்னேரம் மட்டும் நிப்பம்," என்றார்.

அதிகாரியின் முகம் மாறியது. திரும்பவும் சொன்னார். பிறகு கத்தினார். பின்னாலிருந்தவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. கப்பல் வந்துவிட்டது, ஏற்றுகிறார்கள் என்று யாரோ சொல்ல, கூட்டம் முன்னுக்குத் தள்ளியது. கம்பித் தடுப்பு ஒன்று சரிந்தது. வானத்தை நோக்கி ஒரு வெடி கேட்டது. அதற்குப் பிறகு பொல்லுகளோடு அடிக்க வந்தார்கள்.

சனம் சாமானைப் போட்டுவிட்டு ஓடியது. என் கையைப் பிடித்திருந்த அக்காவின் மற்றக் கையிலிருந்து பை எப்போது விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நானா கடையின் கதவைப் பாதி இறக்கிவிட்டு நின்றவர் எங்களைக் கண்டு, "உள்ள வாங்க, உள்ள வாங்க," என்று இழுத்துப் போட்டுக்கொண்டார். மா மூட்டைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு கதவின் கீழ் இடைவெளியால் வீதியைப் பார்த்தோம். வீதி முழுக்கப் பொதிகள். சொந்தக்காரர் இல்லாமல் வீதியில் கிடக்கும் பொதி என்றால் அந்தக் காலத்தில் அது பொதியில்லை, குண்டு. கடற்படைக்காரர் கிட்டப் போகவில்லை. நீளக் கயிற்றில் கொளுவியைக் கட்டி எறிந்து ஒவ்வொன்றாக இழுத்து வீதியோரப் பள்ளத்தில் குவித்தார்கள்.

"அது என்ர பை," என்றார் அக்கா. "அந்த நீலம். நான் போய்ச் சொல்லி எடுத்துக்கொண்டு வாறன். திறந்து காட்டினா விட்டிடுவாங்கள்."

"இப்ப வெளிய போகாதீங்க," என்றார் நானா.

"சட்டைதானே கிடக்கு. சின்னப்பிள்ளைச் சட்டை எண்டு பாத்தா விளங்கும்தானே."

குனிந்து கதவுக்கு வெளியே தலையை நீட்டினார். எதிர்ப்பக்கம் நின்ற ஒருவன் துவக்கைத் திருப்பினான். நானும் நானாவும் சேர்ந்து அவரை இழுத்தோம். அவர் பலமாகத்தான் திமிறினார். பிறகு மா மூட்டையில் சாய்ந்து இருந்துவிட்டார்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். புகை கடைக்குள்ளும் வந்தது. றப்பர், துணி, அதோடு கருவாடு எரியும் மணம். அந்த மணத்தில்தான் அக்கா அழத்தொடங்கினார். அவ்வளவு நேரமும் பை எப்படியும் திரும்பக் கிடைக்கும் என்று நினைத்திருப்பார் போல.

அடுத்த நாள் கொழும்புப் பத்திரிகைகள் வந்தன. ஆங்கிலப் பத்திரிகை ஒன்றில் அந்த ஆண்டின் சிறந்த பகிடி என்று எழுதியிருந்தார்கள். வாசகர்கள் கொம்பனிக்கு அனுப்பிய வேடிக்கையான பதில்களையும் போட்டிருந்தார்கள். கப்பலில் தண்ணீர் இலவசமா, குளித்துத் துடைக்கத் துவாயும் கொண்டுவர வேண்டுமா என்று. எங்கள் வீதியில் நடந்ததைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகையின் உட்பக்கத்தில் சிறு செய்தி: துறைமுக வாசலில் பதற்றம், கூட்டம் கலைக்கப்பட்டது. ஏன் கூடினார்கள் என்று அதில் இல்லை.

அக்கா கடைக்கு வந்து உறையை என் முன்னால் வைத்தார். பின்பக்கத்தில் வாடிக்கையாளர் சேவை இலக்கம் அச்சிட்டிருந்தது. "இதுக்கு எடுத்துத் தா," என்றார். லைன் உடனே கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்குத்தான் மணிக்கணக்கு, கொழும்புக்கு ஒரு விநாடி. முதலில் சிங்களத்தில் ஒரு பெண். பிறகு தமிழ் பேசும் பையன் ஒருவனுக்கு மாற்றினார்கள். அக்கா கூண்டுக் கதவைச் சாத்தவேயில்லை. றிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்ததால் அவன் பேச்சும் எனக்குக் கேட்டது.

"தம்பி, நீங்கள் விட்ட கப்பலைப் பற்றிக் கேக்க எடுத்தனான்."

"ஆ, அது ஏப்ரல் ஃபூல் விளம்பரம்மா. சும்மா ஒரு ஜோக்."

"ஓம், அது இப்ப தெரியும். அதில என்ன பகிடி எண்டுதான் எனக்கு விளங்கேல்லை. அதை ஒருக்காச் சொல்லுங்கோ."

அவன் தயங்கினான். "அதாவது அம்மா, கப்பலே சோப்பால செஞ்சதுன்னு சொல்லியிருக்கோம். சோப்பு தண்ணில கரையும் இல்லையா? அதுல கப்பல் செய்ய முடியுமா? அதான் ஜோக்."

"சரி. ஆனா காங்கேசன்துறை எண்டும் சொன்னனீங்கள். அதில என்ன பகிடி?"

"அது... சும்மா துறைமுகப் பேர்தானே அம்மா."

"என்ர பிள்ளை அங்க நிக்குது தம்பி. நாலு வயசு. இப்ப ஐஞ்சாகப் போகுது. நான் கப்பலில வாறன் எண்டு சொல்லிப்போட்டன். உங்கட கொழும்பில ஆரும் ஏறப் போனவையோ?"

"இல்லம்மா. இங்க எல்லாருக்கும் தெரியும். கேட்டுட்டுச் சிரிச்சாங்க."

"அவைக்குக் கப்பல் தேவையில்லை. அதால சிரிச்சிருப்பினம்."

பிறகு அவன் குரலைத் தாழ்த்தி, "அம்மா, எனக்குப் புரியுது. நான் இங்க வேலைக்கு இருக்கிற ஆள். பேசறதெல்லாம் பதிவாகுது. என்னால ஒண்ணும் சொல்ல முடியாது," என்றான். அதன் பிறகு குரல் மாறி, எங்கோ எழுதிவைத்ததை வாசிப்பதுபோல, உங்கள் கருத்துக்கு நன்றி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான்.

"இல்லை தம்பி. நீங்கள் சாப்பிட்டிட்டு வேலையைப் பாருங்கோ," என்று சொல்லி அக்கா வைத்தார்.

கப்பல் வருவதாகச் சொன்ன அந்த ஞாயிறன்று நடந்ததை யாழ்ப்பாணத்திலிருந்து கணவர் பிறகு சொன்னார். காலையிலேயே பிள்ளை சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசல் படலையில் போய் நின்றதாம். வெயில் ஏறியும் வரமாட்டேன் என்று அடம். மாமிதான் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாடு தீத்தினார். அதற்குப் பிறகு போனுக்குக் கூப்பிட்டால் பிள்ளை வருவதில்லை. "அம்மா பொய் சொல்லுறவ" என்று சொல்லிவிட்டு ஓடிவிடும். கணவர் இதை மறைக்கத் தெரியாமல் அப்படியே சொல்லிவிட்டார்.

கொம்பனிக்கு எப்படியோ விஷயம் போயிருந்தது. சித்திரைப் புதுவருடத்துக்கு முன்னால் ஒருநாள் வெள்ளை வான் ஒன்று வந்தது. வெள்ளை வான் என்றதும் வீதியே ஒரு கணம் ஒடுங்கிப்போனது. அந்த நிற வானில் வந்தவர்கள் யாரையாவது ஏற்றிக்கொண்டு போன காலம் அது. பிறகு பார்த்தால் ஒலிபெருக்கியில் பாட்டு, பச்சை ரீசேட் போட்ட பிள்ளைகள், ஒரு படப்பிடிப்பாளர். இரண்டு உறை கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு பெட்டி சவர்க்காரம் தருவார்களாம், எல்லோரும் நல்ல மனதோடு பகிடியில் பங்குபற்றியதற்காக. நானாவின் கடைக்கு முன்னால் பதாகை கட்டக் கேட்டார்கள்.

"இஞ்ச கட்டாதீங்க," என்றார் நானா. "வித்தது நான். உண்மையெண்டு நம்பி இன்னும் கொண்டுவரச் சொல்லி ஏமாந்ததும் நான். நீயும் அவனுகளோட கூட்டா எண்டு சனத்துக்கிட்ட ஏச்சு வாங்கினதும் நான். இனி அந்தக் கொடியையும் என்ட தலையில கட்டவா?"

அவர்கள் எதிர்ப்பக்க மதிலில் கட்டினார்கள். சனம் போய் வரிசையில் நின்றது. என் அம்மாவும் நின்றார். சவர்க்காரத்தில் என்ன பிழை, உடுப்புத் தோய்க்க வேணும்தானே என்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்த மாதம் சவர்க்காரம் வாங்குவது எல்லா வீட்டிலும் யோசிக்கவேண்டிய விஷயமாக இருந்தது.

அக்கா வரிசையில் நிற்காமல் நேரே ரீசேட் போட்ட இளைஞனிடம் போனார். அவனுக்குத் தமிழ் கொஞ்சம்தான் தெரியும்.

"என்ர பைக்கு என்ன பதில்?" என்று கேட்டார்.

"பேக்?"

"ஓம். பை. என்ர பையை எரிச்சுப்போட்டாங்கள்."

அவன் முகம் மலர்ந்தது. விளங்கிவிட்டது என்று தலையாட்டி, வானுக்குள் கையை விட்டு, கொம்பனியின் பெயர் போட்ட பச்சை நிறத் துணிப்பை ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தான். அந்த நேரம் பார்த்துப் படம் பிடித்தார்கள். பிறகு ஒரு கிழமைப் பத்திரிகையில் அது வந்தது. சவர்க்காரப் பெட்டிகளோடு வரிசையில் நிற்கும் எங்கள் சனம், ஓரத்தில் துணிப்பையைப் பிடித்தபடி அக்கா. கிழக்கு மக்களின் முகத்தில் புன்னகை என்று கீழே எழுதியிருந்தது. அப்படத்தில் யார் சிரிக்கிறார்கள் என்று அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினார். ரீசேட்காரன் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றான்.

புதுவருடம் கழிந்து கொஞ்ச நாளில், ஒரு பின்னேரம், ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று அன்புவழிபுரத்துக்குள் வந்தது. யாழ்ப்பாணம் செல்லப் பதிவு செய்தவர்களுக்கான அறிவித்தல், நாளை அதிகாலை அடையாள அட்டையுடன் மைதானத்துக்கு வரவும், அங்கிருந்து பஸ்ஸில் கப்பலுக்குக் கொண்டுசெல்லப்படுவீர்கள். வழக்கமாகப் பெயர் பட்டியல் கச்சேரிச் சுவரில் ஒட்டப்பட்ட பிறகுதான் இப்படி அறிவிப்பார்கள். இந்தத் தடவை ஒட்டவில்லை.

"எத்தினை சவர்க்காரம் கொண்டு வரோணும்?" என்று சந்தியில் நின்ற ஒருவன் கத்தினான்.

வீதி முழுக்கச் சிரித்தது. படலைகளில் நின்ற பெண்கள், கிணற்றடியில் நின்றவர்கள், எல்லோரும். இன்னொருவன், "துவாயும் வேணுமோ?" என்றான். ஓட்டோக்காரனுக்குக் கோபம் வந்து, அறிவித்தலை இரண்டாம் தரம் வாசிக்காமலே திருப்பிக்கொண்டு போய்விட்டான். அக்காவும் படலையில் நின்று சிரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"உண்மையா இருந்தா என்ன செய்யிறது?" என்றேன் நான். "ஒருக்காப் போய்ப் பாப்பம் அக்கா."

"நான் போகேல்லை. இன்னொருக்கா அவங்கட பொல்லுக்கு முன்னால போய் நிக்க என்னால ஏலாது."

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனார். வாசல் பூட்டியிருந்தது. காவலாளி தனக்கு ஒன்றும் தெரியாது, காலையில் வந்து கேட்கும்படி சொன்னாராம்.

காலையில் அம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது துறைமுகப் பக்கமிருந்து கப்பலின் ஊதல் கேட்டது. நீளமாக, இரண்டு முறை. அப்பா முற்றத்தில் பல் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவர். வாயைக் கொப்பளிக்காமல் அப்படியே நின்றார். அக்கா முன்னறையிலிருந்து வந்து, "அது என்ன ஐயா?" என்றார்.

"வெளிக்கிடுது," என்றார் அப்பா.

அக்கா செருப்பில்லாமல் சந்தி வரைக்கும் ஓடினார். சந்தியிலிருந்து கடல் தெரியாது.

அன்று அக்கா கச்சேரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். அந்தக் கப்பலில் இடம் மிஞ்சியதாம். எங்கள் பகுதியிலிருந்து அநேகம் பேர் போகவில்லை. மேசையிலிருந்த உத்தியோகத்தர் நிமிராமலே, "பேர் கூப்பிட்டனாங்கள். வராத ஆக்களைக் கடைசிக்குத் தள்ளியாச்சு. ஏன் வரேல்லை?" என்றார்.

"பகிடி எண்டு நினைச்சன்," என்றார் அக்கா.

அவர் இப்போது நிமிர்ந்தார். "என்ன தங்கச்சி கதைக்கிறீங்கள்? அரசாங்கம் பகிடி விடுமோ?"

எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் அதே காரணத்தைச் சொல்லவே வந்திருந்தார்கள்.

மாரி மழை தொடங்கும் காலத்தில் வந்த இன்னொரு கப்பலில்தான் அக்கா போனார். அதற்குள் கணவரிடம் பிள்ளையின் உயரம் கேட்பதை விட்டுவிட்டார். புதுச்சட்டையும் தைக்கவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் கடைக்கு எடுத்துப் பேசினார். பிள்ளை சுகம், பள்ளிக்கூடம் போகிறாள், இரவில் மாமியோடுதான் படுக்கிறாள், மாமியைத் தன் வீட்டுக்குப் போகவிடுகிறாளில்லை என்றார். "நானும் போகச் சொல்லேல்லை. அவ இல்லாட்டி வீட்டில ஒரு வேலையும் ஓடாது போல கிடக்கு," என்றார். குறையாகச் சொன்னாரா, நன்றியாகச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. லைன் அறுந்துவிட்டது.

சண்டை முடிந்து பாதை திறந்த பிறகு நான் ஒரு தடவை யாழ்ப்பாணம் போனபோது அவர்கள் வீட்டுக்குப் போனேன். மகள் வளர்ந்து, கெட்டிக்காரியாக, வாய் ஓயாமல் கதைக்கிறவளாக இருந்தாள். நான் திருகோணமலை என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"அன்ரி, அம்மா ஒருக்காச் சவர்க்காரக் கப்பலில ஏற வெளிக்கிட்டவவாம். உங்களுக்குத் தெரியுமோ? சவர்க்காரத்தில செய்த கப்பல்! அப்பா சொன்னவர். நான் பள்ளிக்கூடத்தில பேச்சுப் போட்டியில இதைச் சொன்னனான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சவை. ரீச்சர் கூடச் சிரிச்சவ. எனக்கு முதலாம் இடம்."

அவளுடைய அப்பா பெருமையோடு தலையாட்டினார். அவள் எழுந்து நின்று, கையை ஆட்டி, வானொலிப் பெண்ணின் குரலில் அந்த விளம்பரத்தைச் சொல்லிக் காட்டினாள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அச்சொட்டாக அப்படியே இருந்தது. கடைசி வரியை அந்த ஆண் குரலைப்போல மளமளவென்று ஓட்டி முடித்துவிட்டு, நான் சிரிப்பதற்காகக் காத்து நின்றாள். நான் சிரித்தேன். சிரிக்காமல் அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

அக்கா தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது. அவர் திரும்பி வரும்போது மகள் வேறு கதையில் இருந்தாள். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போகப்போகிறார்களாம், திருகோணமலைக்கு.